விலை கொடுத்தவரை மறிக்கும் டிஜிட்டல் பூட்டுகள்

ஓமந்தை என்றதும் வன்னி மக்களின் நினைவுக்கு முதலில் வருவது அங்குள்ள வயல்களோ குளங்களோ அல்ல, சோதனைச் சாவடியே. 2002ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது, வவுனியாவுக்கு வடக்கே ஓமந்தையில் இராணுவத்தினரின் சாவடியும், சூனியப் பிரதேசத்துக்கு அப்பால் புளியங்குளத்தில் விடுதலைப் புலிகளின் சாவடியும் இருந்தன. அவ்வழியே சென்றவர்கள் ஒரு பக்கத்தில் பொதிகளை அவிழ்த்துக் காட்டினர். மறுபக்கத்தில் வரியும் செலுத்தினர். 2009இல் போர் முடிந்த பின்னரும் நீடித்த ஓமந்தைச் சாவடி 2015ஆம் ஆண்டிலேயே அகற்றப்பட்டது. இன்று அவ்விடத்தைப் பேருந்தில் கடக்கும் இளையோருக்கு அங்கு அப்படியொன்று இருந்தது என்பதே சொல்லித் தெரியவேண்டிய செய்தியாகிவிட்டது.

அச்சாவடியின் வரிசையில் நின்றோர் யாவர் என்பதை நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும். அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பிரதான வீதி வழியே, பகல் வெளிச்சத்தில் வந்தவர்களே அங்கு நின்றனர். நோயாளர், மாணவர், அரச ஊழியர், வியாபாரிகள் ஆகியோரே அவர்கள். அதற்கு முந்திய 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திலும் இதே நிலைதான் காணப்பட்டது. மண்ணெண்ணெயும் பற்றரியும் சீமெந்தும் வன்னிக்குள் செல்லக் கூடாதென்றிருந்தபோது அப்பொருட்கள் முற்றாக இல்லாமற் போய்விடவில்லை. வேறு வழிகளில் வந்து பன்மடங்கு விலைக்கு விற்கப்பட்டன. வாங்க வசதியற்றவர்கள் துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். தடை நேர்வழியில் வருபவரை மறிக்கும், குறுக்குவழியில் செல்பவரை அது சந்திப்பதே இல்லை என்பதை எந்த நூலையும் படிக்காமலே எமது மக்கள் அறிந்திருந்தார்கள்.

போர்க்காலக் கதையை மீட்டுவது எமது நோக்கமன்று. திரைப்படம், பாடல், நூல், மென்பொருள் ஆகியன இறுவட்டிலும் இணையத்திலும் விற்கப்படத் தொடங்கிய காலந்தொட்டு அவற்றின்மீது போடப்பட்டுவரும் டிஜிட்டல் பூட்டுகளைப் பற்றியே இங்கு பேச முற்படுகின்றோம். திருட்டுப் பிரதிகளைத் தடுப்பதற்கென்றே இப்பூட்டுகள் போடப்படுகின்றன என்று நிறுவனங்கள் கூறுகின்றன. ஆனால் கடந்த இருபத்தைந்து ஆண்டுகால அனுபவத்தைப் பார்க்குமிடத்து, அவற்றால் அதிகம் மறிக்கப்பட்டவர்கள் பணம் செலுத்தி வாங்கியவர்களே என்ற முடிவுக்கு வரவேண்டியுள்ளது.

இப்பூட்டு எவ்வாறு இயங்குகின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளல் நன்று. விற்பனையாளர் படத்தையோ நூலையோ சங்கேதக் குறிகளாக மாற்றி அனுப்புகின்றார். அதனை மீண்டும் படமாகவோ எழுத்தாகவோ மாற்றுவதற்கு ஒரு திறவுகோல் வேண்டும். வாங்கியவர் பார்க்க வேண்டுமாயின் அத்திறவுகோல் அவருடைய கருவிக்குள்ளேயே எங்காவது இருந்தாக வேண்டும். இரு நண்பர்கள் இரகசியக் கடிதம் எழுதிக்கொண்டால் நடுவில் அதைப் பிரித்துப் பார்க்க முனைபவனிடம் திறவுகோல் இருப்பதில்லை; ஆகவே இரகசியம் காக்கப்படும். இங்கோ கடிதத்தைப் பெறுபவரும், பிரித்துவிடுவாரோ என்று அஞ்சப்படுபவரும் ஒரே ஆள்தான். பூட்டையும் திறவுகோலையும் ஒருவரிடமே கொடுத்துவிட்டு, திறவுகோலை நீர் கண்ணாற் பார்க்கலாகாது என்று சொல்வதற்கு இது ஒப்பாகும். இலட்சம் பேரில் ஒருவர் அதனைக் கண்டுபிடித்துவிட்டாற் போதும். அவர் எடுத்த பூட்டில்லாப் பிரதி உலகமெங்கும் சென்றுவிடும். அதன்பின் திருட்டுப் பிரதியைப் பெறுபவருக்குப் பூட்டு என்றொன்று இருந்ததே தெரியாது. எஞ்சிய 99,999 பேரும் பூட்டுடனேயே வாழ்ந்தாக வேண்டும்.

டீவீடி இறுவட்டின் வரலாறு இதற்குத் தகுந்த சான்றாகும். அதன் சங்கேதப் பூட்டு 1999ஆம் ஆண்டிலேயே உடைக்கப்பட்டுவிட்டது. உடைக்கும் மென்பொருளை வெளியிட்டவர்களுள் ஒருவரான நோர்வே நாட்டு இளைஞர், தாம் வாங்கிய வட்டைத் தமது கணினியில் பார்க்கும் உரிமை தமக்கு உண்டென்று வாதாடி 2003இல் விடுதலையும் பெற்றார். எனினும் பூட்டு நீக்கப்படவில்லை. அதனுடன் கூடவே வலயக் குறியீடு என்றொரு வேலியும் இருந்தது. உலகத்தை வலயங்களாகப் பிரித்து, ஒரு வலயத்தில் விற்ற வட்டு இன்னொரு வலயத்துக் கருவியில் இயங்காதவாறு செய்திருந்தனர். கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் முதலாம் வலயம். பிரித்தானியா உள்ளிட்ட மேற்கு ஐரோப்பா இரண்டாம் வலயம். அவுஸ்திரேலியா நான்காம் வலயம். இலங்கையும் இந்தியாவும் ஐந்தாம் வலயம்.

புலம்பெயர்ந்த சமூகமொன்றுக்கு இதைவிடப் பொருந்தாத ஏற்பாட்டைக் கற்பனை செய்வதும் கடினம். எமது குடும்பங்களில் அண்ணன் ரொரன்ரோவில் இருப்பார், அக்கா இலண்டனில் இருப்பார், பெற்றோர் வன்னியில் இருப்பர். தமிழ்த் திரைப்பட வட்டுகள் பல வலயக் கட்டுப்பாடின்றியே வெளியிடப்பட்டன என்பது உண்மை. ஆயின் பிள்ளைகளின் ஆங்கில அறிவுக்கென உறவினர் கடையில் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பிய படங்களும் கல்வி வட்டுகளும் அவ்வாறல்ல. போர்நிறுத்த காலத்தில் அப்படியொரு வட்டு ஓமந்தையில் பொதி அவிழ்க்கப்பட்டு, புளியங்குளத்தில் மீண்டும் அவிழ்க்கப்பட்டு, இரு சாவடிகளையும் கடந்து கிளிநொச்சிக்குச் சென்று சேரலாம். அங்கே கருவிக்குள் இட்டதும் மூன்றாவது சாவடி ஒன்று அதனை மறித்துவிடும். வவுனியாக் கடைத்தெருவில் நூறு ரூபாவுக்குள் அகப்பட்ட பிரதி வட்டுக்கோ வலயமுமில்லை, பூட்டுமில்லை. திருட்டுப் பிரதி சட்டவிரோதமானது என்ற எச்சரிக்கை அறிவித்தலைத் தாண்டிச் செல்ல முடியாமல் ஒவ்வொரு முறையும் முழுமையாகப் பார்க்க வேண்டியிருந்தவரும் அசல் வட்டை வாங்கியவரே. திருடாதவரிடம் திருடாதே என்று திரும்பத் திரும்பச் சொல்லும் இவ்விந்தையை அக்காலத்தில் எவரும் பெரிதுபடுத்தவில்லை.

2005ஆம் ஆண்டில் சோனி பீஎம்ஜி இசை நிறுவனம் இதனினும் ஒருபடி மேலே சென்றது. அந்நிறுவனம் விற்ற ஐம்பதுக்கும் மேற்பட்ட இசைத்தொகுப்புகளின் வட்டைக் கணினியில் இட்டவுடன், பிரதி எடுப்பதைத் தடுக்கும் மென்பொருளொன்று தன்னை மறைத்துக்கொண்டு கணினியின் அடியாழத்தில் குடியேறியது. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் மார்க் ருசினோவிச் என்ற கணினி வல்லுநர் இதனை அம்பலப்படுத்தினார். அந்த மறைவிடத்தைத் தீய நிரல்களும் பயன்படுத்தத் தொடங்கிய நிலையில், அடுத்த மாதமே நிறுவனம் வட்டுகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. அதே பாடல்களை இணையத்தில் இலவசமாகக் களவாக இறக்கியவரின் கணினிக்கு இவ்வட்டினால் எவ்விதத் தீங்கும் நேரவில்லை என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

வட்டு என்றால் குறைந்தது கையிலாவது இருந்தது. மின்னூலின் நிலை வேறு. 2009ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமேசன் நிறுவனம், ஜோர்ஜ் ஓர்வெலின் "1984", "விலங்குப் பண்ணை" ஆகிய நூல்களின் ஒரு பதிப்பை, அதை விற்றவருக்கு உரிமை இல்லை எனக் கண்டு, வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்தே அழித்துவிட்டது. பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது, நிறுவனத்தின் தலைவர் ஜெப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்பும் கோரினார். ஆனால் கடைக்காரர் இரவில் வீட்டுக்குள் புகுந்து, விற்ற நூலை எடுத்துக்கொண்டு மேசையில் பணத்தை வைத்துவிட்டுப் போகலாம் என்ற நிலைமை உலகுக்கு அன்றுதான் புரிந்தது. தகவலை அழிக்கும் அரசொன்றைப் பற்றிய நூலே அவ்வாறு அழிக்கப்பட்டதைப் பலரும் சுட்டிக்காட்டிச் சிரித்தனர். 2019இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது மின்னூல் விற்பனையைக் கைவிட்டபோது, அதுவரை விற்ற நூல்கள் யாவும் ஜூலை மாதத்தில் திறபடாமற் போயின. அங்கும் பணம் திருப்பி வழங்கப்பட்டது. பக்க ஓரத்தில் குறிப்பெழுதிப் படித்தவருக்குப் பணம் வந்தது, நூல் வரவில்லை. "வாங்கு" என்று எழுதியிருக்கும் பொத்தானை அழுத்தும்போது நாம் உண்மையில் வாங்குவது நூலை அன்று, நிறுவனம் விரும்பும்வரை வாசிப்பதற்கான அனுமதியை மட்டுமே என்பது எவரும் வாசிக்காத நீண்ட நிபந்தனைகளுக்குள் எழுதப்பட்டுள்ளது.

இவையெல்லாம் செல்வந்த நாடுகளின் சிக்கல்கள், எமக்கென்ன என்று வாசகர் கேட்கக்கூடும். எம்மைப் பொறுத்தவரை, இப்பூட்டுகள் மிக அதிகமாகச் சுடுவது ஓமந்தை, நெடுங்கேணி, மாங்குளம் போன்ற இடங்களில் வாழ்பவர்களையே. காரணம் எளிதானது. பூட்டைத் திட்டமிடுபவர் இடையறாத மின்சாரத்தையும் இடையறாத இணையத்தையும் விலையுயர்ந்த கருவியையும் மனத்திற்கொண்டே அதனைத் திட்டமிடுகின்றார்.

நெட்பிளிக்ஸ் 2016ஆம் ஆண்டு ஜனவரியில் இலங்கை உட்பட 130 நாடுகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. இத்தகைய சேவைகளின் படங்களை கூகிள் நிறுவனத்தின் வைட்வைன் என்ற பூட்டு பாதுகாக்கின்றது. கைத்தொலைபேசியின் உட்பகுதியிலேயே பாதுகாப்பான தனி அறை ஒன்று இருப்பின் அது முதல் நிலை. அவ்வாறில்லாத மலிவான தொலைபேசிகள் மூன்றாம் நிலை. மூன்றாம் நிலைக் கருவியில் படம் தெளிவு குறைந்தே காட்டப்படும். மாதக் கட்டணத்தில் அதற்கெனச் சலுகை ஏதுமில்லை. திரை எவ்வளவு தெளிவானதாக இருந்தாலும் பயனில்லை. அதே தொலைபேசியில் திருட்டுப் பிரதியைப் பார்ப்பவருக்கு முழுத் தெளிவு கிடைக்கின்றது.

இணையம் நன்றாக வரும் இடத்தில் படத்தைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு பின்னர் பார்ப்போம் என்றால், அதற்கும் காலவரையறை உண்டு. சில படங்கள் பார்க்கத் தொடங்கிய 48 மணித்தியாலங்களில் காலாவதியாகின்றன. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள்வரை மின்வெட்டு அமுலாக்கப்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரமில்லாத நேரத்தைப் பூட்டின் கடிகாரம் கழித்துக் கணக்கிடுவதில்லை. எப்போதும் இணையத்துடன் தொடர்பில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையின் விளைவு இதற்கு முன்னரும் காணப்பட்டதொன்றே. 2010 மார்ச் மாதம் பிரெஞ்சு நிறுவனமான யூபிசொப்டின் சேவைக் கணினிகள் தாக்கப்பட்டபோது, அதன் கணினி விளையாட்டுகளைப் பணம் கொடுத்து வாங்கியவர்கள் விளையாட முடியாமல் திகைத்து நின்றனர்.

"இவ்வுள்ளடக்கம் உங்கள் நாட்டில் கிடைக்காது" என்ற அறிவித்தல் வேறொரு வேலி. ஒரே தமிழ்ப் படம் சென்னையில் இருப்பவருக்குத் திறக்கும், வவுனியாவில் இருப்பவருக்குத் திறக்காது. அதனை இங்கு விற்கும் உரிமையை எவரும் வாங்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். வெளிநாட்டு நாணயத்தில் கட்டணம் செலுத்தக்கூடிய வங்கி அட்டை கிராமத்து மாணவரிடம் இருப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பணம் கொடுக்க ஆயத்தமாக வந்தவரைக் கடை திருப்பியனுப்புகின்றது. அடுத்த சந்தியில் திருட்டுக் கடை இரவு பகலாகத் திறந்திருக்கின்றது. இந்நாட்டு இளைஞர் பலர் இடத்தை மறைக்கும் வீபீஎன் செயலிகளைப் பழகிக்கொண்டது படம் பார்ப்பதற்காக அன்று. 2018 மார்ச்சில் திகன, கண்டி பகுதிகளில் முஸ்லிம்கள்மீது வன்முறை கட்டவிழ்த்துவிடப்பட்ட வேளையில் அரசாங்கம் சமூக வலைத்தளங்களை முடக்கியது. உறவினர் உயிருடன் இருக்கின்றனரா என்று அறியத் துடித்தவர்கள் அப்போது அதைக் கற்றுக்கொண்டனர். எல்லோரையும் மறிக்கும் வேலி எல்லோருக்கும் வேலி பாயக் கற்பித்துவிடுகின்றது.

இவ்வாறு கூறுவதால் திருட்டுப் பிரதிக்கு நாம் வக்காலத்து வாங்குவதாக எவரும் கருதிவிடலாகாது. படைப்பாளியின் இழப்பு மெய்யானது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் கடன்பட்டுக் குறும்படமும் பாடல் தொகுப்பும் வெளியிடும் எமது இளைஞர்களுக்கு, விற்பனையாகும் நூறு பிரதிகளுள் பத்துக் குறைந்தாலும் அது பாரிய அடியாகும். சமய நோக்கிலும் இதில் ஐயத்துக்கு இடமில்லை. 1988ஆம் ஆண்டு டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் கழகத்தின் ஐந்தாவது அமர்வு, நூலாசிரியரின் உரிமையும் கண்டுபிடிப்பாளரின் உரிமையும் ஷரீஆவினால் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறல் கூடாது என்று தீர்மானித்தது. பிறன் உழைப்பைக் கவர்வது அறமன்று என்பது தமிழருக்கும் புதிதான செய்தியல்ல. எமது கேள்வி வேறு. இப்பூட்டு திருடனைத் தடுக்கின்றதா?

தண்டனையால் தடுக்க முயன்ற வரலாறும் நம் கண்முன் உண்டு. தமிழ்நாடு அரசு 2004ஆம் ஆண்டில் குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, திருட்டு வீசிடி தொழில் செய்வோரையும் விசாரணையின்றித் தடுத்துவைக்க வழிசெய்தது. தெருவோரத்தில் வட்டு விற்றவர்கள் பிடிபட்டனர். தொழிலோ தெருவைவிட்டு இணையத்துக்குக் குடிபெயர்ந்தது. தமிழ்ரொக்கர்ஸ் என்ற பெயர் அதன்பின் தயாரிப்பாளர்களின் நித்திரையைக் கெடுத்ததை அனைவரும் அறிவர்.

பூட்டை நீக்கியவர்கள் என்ன ஆனார்கள் என்பதை நோக்குவோம். 2007 பெப்ரவரியில் அப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ், பாடல்களின் பூட்டை அகற்ற அனுமதிக்குமாறு இசை நிறுவனங்களைப் பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். அவ்வாண்டே ஈஎம்ஐ நிறுவனம் இணங்கியது. 2009இல் ஏனைய பெரு நிறுவனங்களும் இணங்கின. இசை விற்பனை அதனால் அழிந்துவிடவில்லை. இந்த மாற்றத்தை ஆராய்ந்த பொருளியலாளர் லோரினா ஷாங், பூட்டு நீக்கப்பட்ட பாடற்றொகுப்புகளின் டிஜிட்டல் விற்பனை சுமார் 10 சதவீதம் உயர்ந்ததாகக் கண்டறிந்தார். அதிகம் விற்பனையாகாத தொகுப்புகளுக்கே இந்நன்மை கூடுதலாகக் கிடைத்தது என்பது எம்மைப் போன்ற சிறு சந்தையினர் கவனிக்க வேண்டிய விடயமாகும். புகழ்பெற்ற பாடகரின் பாடல் எப்படியும் விற்கும். பெயர் அறியாத பாடகருக்கு நண்பர் நண்பருக்குக் கொடுத்துக் கேட்கச் செய்வதே விளம்பரம். அறிவியற் புனைகதைகளை வெளியிடும் டோர் பதிப்பகம் 2012இல் தனது மின்னூல்களின் பூட்டை நீக்கியது. ஓராண்டு கழித்து, திருட்டுப் பிரதிகள் குறிப்பிடத்தக்க அளவில் அதிகரிக்கவில்லை என்று அப்பதிப்பகமே அறிவித்தது.

எல்லாப் பூட்டும் ஒன்றல்ல என்பதையும் இவ்விடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். மாதக் கட்டணம் செலுத்திப் பார்க்கும் சேவை நூலகத்தில் இரவல் பெறுவதைப் போன்றது. இரவல் நூலுக்குத் திருப்பிக் கொடுக்கும் திகதி இருப்பதில் தவறு காண முடியாது. புதிய படமொன்றின் முதல் சில நாட்களுக்குப் பூட்டு ஓரளவு காவல் தருகின்றது என்று தயாரிப்பாளர் கூறுவதிலும் நியாயம் உண்டு. விற்றுவிட்டேன் என்று சொல்லி முழு விலையையும் பெற்றுக்கொண்டு, இரவல் கொடுத்தவரைப் போல நடந்துகொள்வதையே நாம் குறை கூறுகின்றோம்.

திருட்டுச் சந்தையைச் சுருங்கச் செய்வது எது என்பதற்கு 2015இல் இயக்குநர் சேரன் எடுத்த முயற்சி ஓர் உதாரணம். "ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை" என்ற தமது படத்தைத் திரையரங்குக்குக் காத்திராமல், 50 ரூபாய் விலையில் அசல் வட்டாக நேரே வீடுகளுக்கு விற்க அவர் முன்வந்தார். அம்முயற்சி நிலைத்து நிற்கவில்லை. எனினும் திருட்டு வட்டின் விலைக்கு அருகில் அசல் வட்டை வைத்தால் மக்கள் அசலை வாங்குவர் என்ற அவரது கணிப்பு பிழையானதென்று நாம் கருதவில்லை. 2020 மே மாதம் "பொன்மகள் வந்தாள்" திரையரங்கைத் தவிர்த்து நேரடியாக அமேசன் பிரைமில் வெளியானபோது வலுவான பூட்டு இருக்கத்தான் செய்தது. திருட்டுப் பிரதியும் தாமதமின்றி வெளிவரத்தான் செய்தது. ஆயினும் வீட்டிலிருந்தே நியாயமான கட்டணத்தில் பார்க்க வழி இருந்தமையால் பணம் செலுத்திப் பார்த்தவர்களும் இருந்தார்கள். அவர்களை வரவழைத்தது பூட்டு அன்று.

சட்டம் இவ்விடயத்தில் எங்கு நிற்கின்றது என்பதையும் சுருக்கமாகக் காண்போம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச்சொத்துச் சட்டம், கற்பித்தல், ஆய்வு, விமர்சனம் போன்ற தேவைகளுக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்துவதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. ஆசிரியர் ஒருவர் படத்தின் ஒரு காட்சியை வகுப்பறையில் எடுத்துக்காட்டச் சட்டம் இடந்தரலாம். ஆனால் பூட்டுக்குச் சட்டம் தெரியாது. அது ஆசிரியரையும் திருடரையும் ஒருமிக்க மறிக்கும். இந்தியா 2012இல் தனது பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, உரிமையை மீறும் நோக்குடன் பூட்டை உடைப்பவருக்கு ஈராண்டுவரை சிறைத்தண்டனை விதித்தது. அதேவேளை, சட்டம் தடைசெய்யாத ஒரு தேவைக்காகப் பூட்டைத் திறப்பது குற்றமாகாது என்றும் எழுதிவைத்தது. நோக்கத்தைப் பார்க்கும் இவ்வேற்பாடு எமக்கும் ஏற்றதென்பது எமது கருத்து.

வடபுல மக்களுக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. எமது இலக்கியங்கள் பிரதி எடுக்கப்பட்டதனாலேயே பிழைத்தன. சி. வை. தாமோதரம்பிள்ளை 19ஆம் நூற்றாண்டில் ஏட்டுச் சுவடிகளைத் தேடி அச்சேற்றியபோது, ஒருவர் வீட்டில் செல்லரித்துப்போன பகுதி மற்றொருவர் வீட்டுப் பிரதியில் கிடைக்கக்கூடும் என்ற நம்பிக்கையிலேயே அப்பணி நடைபெற்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், தலைமுறைகளாகச் சேர்த்த நூல்களையும் ஆவணங்களையும் சுமந்து செல்ல முடியாது விட்டுச் சென்றனர். 2009வரை வன்னியில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடியவர்களின் புத்தகங்கள் பதுங்குகுழிகளுக்கு அருகிலேயே கிடந்து அழிந்தன. பின்னர் மீட்கப்பட்டவை, வேறெங்கோ வேறொருவரிடம் இருந்த பிரதிகளிலிருந்தே மீட்கப்பட்டன. 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ், முஸ்லிம் எழுத்தாளர்களின் பல்லாயிரக்கணக்கான நூல்களையும் சஞ்சிகைகளையும் எவரும் கட்டணமின்றிப் படிக்கவும் இறக்கவும் வைத்திருப்பது இவ்வனுபவத்தின் பயனேயாகும்.

நிறுவனமொன்றின் கணக்கில் உள்ள மின்னூல் வீடு எரிந்தாலும் எரியாது என்பதை நாம் மறுக்கவில்லை. அவ்வகையில் அது சுவடியை விடப் பாதுகாப்பானதே. ஆனால் கணக்கு உரியவருடன் முடிந்துவிடுகின்றது. தந்தையின் நூல்கள் மகளுக்குச் செல்வதில்லை. நிறுவனம் மூடப்பட்டால் எல்லோருடைய பிரதியும் ஒரே நாளில் மறைகின்றது. ஐம்பது வீடுகளில் ஐம்பது பிரதிகள் இருந்தமையால் கிடைத்த காவல் அங்கு இல்லை.

பார்வையிழந்தோரைப் பற்றிக் கூறாமல் இதனை முடிக்க இயலாது. போரினால் கண்ணொளி இழந்தவர்கள் வன்னியில் பலர் உள்ளனர். மின்னூலை உரத்து வாசித்துக் காட்டும் மென்பொருள் அவர்களுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. 2009 பெப்ரவரியில் கிண்டில் கருவி இவ்வசதியுடன் வெளிவந்தபோது, ஒலிநூல் விற்பனை பாதிக்கப்படும் என்று அமெரிக்க எழுத்தாளர் சங்கம் ஆட்சேபித்தது. அதன் விளைவாக, விரும்பிய பதிப்பாளர் தமது நூலுக்கு அவ்வசதியை நிறுத்திவைக்க அமேசன் இடமளித்தது. பார்வையற்றவர் முழு விலையையும் கொடுத்து ஊமை நூலொன்றை வாங்க நேர்ந்தது. இத்தகைய தடைகளைத் தளர்த்துவதற்காகவே 2013 ஜூனில் மராகேஷ் உடன்படிக்கை நிறைவேற்றப்பட்டது. அதனை முதலில் ஏற்ற நாடு இந்தியா. இலங்கை 2016இல் இணைந்தது. பூட்டுகள் பார்வையற்றோரின் உரிமைக்குத் தடையாக இல்லாதவாறு பார்த்துக்கொள்ளும் கடமை அவ்வுடன்படிக்கையில் இணைந்த நாடுகளுக்கு உண்டு.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் மின்னூல் விற்பனையில் இறங்க எண்ணும் எமது பதிப்பாளர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கின்றோம். பக்கத்தைப் படமாக எடுத்து, அதற்குக் கடவுச்சொல்லும் இட்டு விற்கும் நூலை எந்த வாசிப்பு மென்பொருளாலும் படித்துக்காட்ட முடியாது. பூட்டே இல்லாவிடினும் பாமினி எழுத்துருவில் உள்ள கோப்பு அந்த மென்பொருளுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. மாற்றியபின் எழுத்துப்பிழை திருத்த ஒருவரை அமர்த்திக்கொண்டால், அச்சுக்கென முன்பு தயாரித்து வைத்திருக்கும் பழைய கோப்புகளையும் இவ்வாறே விற்பனைக்குக் கொண்டுவரலாம்.